மீன்தொட்டிச் செடி நாய்க்கு விஷமா? - ஒரு 140 வருடக் கதை

வீட்டில் மீன்தொட்டியும் இருந்து நாயும் இருந்தால் இந்தக் கேள்வி என்றாவது ஒருநாள் வந்தே தீரும். தொட்டியைக் கழுவுவதற்காக செடிகளை எடுத்து வாளியில் போட்டு வைத்திருப்பார்கள். ஐந்து நிமிடம் திரும்பிப் பார்ப்பதற்குள் நாய் அதில் பாதியை மென்று விழுங்கியிருக்கும். உடனே பதற்றம். இது விஷமா? டாக்டரிடம் ஓட வேண்டுமா?

சுருக்கமான பதில் ரொம்பவும் எளிது. தொட்டிகளில் வளர்க்கப்படும் வாலிஸ்நேரியா, ஹைட்ரில்லா, ஜாவா மாஸ் போன்றவற்றில் நாயைக் கொல்லும் விஷம் எதுவும் இருப்பதாக அறியப்படவில்லை. (இங்கே மாஸ் என்பது ஈரச் சுவரில் பச்சை வெல்வெட் போலப் படரும் தாவர வகை. சினிமா 'மாஸ்' அல்ல!) அனூபியாஸ், கிரிப்டோகோரைன் போன்ற செடிகளும், தொட்டியின் மேல் வேர்விட வைக்கும் மணி பிளான்ட்டும் சேம்புக் குடும்பத்தைச் சேர்ந்தவை. இந்தக் குடும்பத்துச் செடிகளில் கால்சியம் ஆக்சலேட் என்னும் ஊசி போன்ற படிகங்கள் இருப்பது வழக்கம். கருணைக்கிழங்கை சரியாக வேக வைக்காமல் சாப்பிட்டால் நாக்கும் தொண்டையும் அரிக்குமே, அதே படிகங்கள்தான். நாய் மென்றால் வாயில் எரிச்சல், எச்சில் ஒழுகுதல், வாந்தி வரலாம். பெரும்பாலும் அத்தோடு சரி.

ஆக, 'பயப்பட ஒன்றுமில்லை' என்று இங்கேயே முடித்துவிடலாம். ஆனால் 2017-ஆம் ஆண்டு ஜெர்மனியில் நாய்கள் செத்தன. அவை செத்த இடத்தில் கிடைத்தது, ஐரோப்பாவில் பலர் மீன்தொட்டியில் வளர்க்கும் ஒரு அப்பாவி மாஸ். அந்த மாஸுக்கு விஷம் கிடையாது. அப்படியானால் நாய்களைக் கொன்றது எது? அதற்கு விடை தேடினால் 1878 வரை பின்னால் போக வேண்டியிருக்கிறது.

பெர்லின், மே 2017

பெர்லின் நகரின் வடமேற்கில் டேகல் ஏரி இருக்கிறது. நகர எல்லைக்குள் இருக்கும் பெரிய ஏரிகளில் இரண்டாவது. கோடை தொடங்கினால் மக்கள் குளிக்க வருவார்கள், நாய்களையும் கூட்டி வருவார்கள். 2017 மே மாதத்தில் இந்த ஏரியில் நீந்திய அல்லது அதன் தண்ணீரைக் குடித்த நாய்களில் குறைந்தது 12 நாய்களுக்கு திடீரென்று நரம்பு பாதிக்கப்பட்ட அறிகுறிகள் தோன்றின. கால்நடை மருத்துவர்கள் தீவிரமாகச் சிகிச்சை கொடுத்தும் அவற்றில் பல நாய்கள் சிறிது நேரத்திலேயே இறந்துபோயின.

ஓடி விளையாடிக்கொண்டிருந்த நாய் திடீரென்று சுருண்டு விழுந்தால் எந்த ஊரிலும் முதலில் வரும் எண்ணம் ஒன்றுதான்: யாரோ விஷம் வைத்துவிட்டார்கள்! பக்கத்து வீட்டுக்காரன் மேல் சந்தேகம், பழைய பகை எல்லாம் ஞாபகத்துக்கு வரும். தண்ணீரைச் சந்தேகிக்க யாருக்கும் தோன்றாது. அதிலும் டேகல் ஏரியின் தண்ணீர் பார்ப்பதற்குச் சுத்தமாக இருந்தது. மேலே பச்சை நுரை இல்லை, கரையில் பாசிப் படலம் இல்லை.

ஆனால் நாய்கள் விளையாடிய கரைகளின் அருகே வேரற்று மிதந்துகொண்டிருந்த மாஸ் கொத்துகள் இருந்தன. அவற்றை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோது, இலைகளுக்கு இடையே இன்னொரு உயிர் குடித்தனம் நடத்துவது தெரிந்தது. டைக்கோனீமா என்னும் நூல் போன்ற சயனோபாக்டீரியா. நீலப்பச்சைப் பாசி என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்போமே, அந்த இனம். பெயரில் பாசி என்று இருந்தாலும் இவை உண்மையில் பாக்டீரியாக்கள்.

இறந்த நாய்களில் இரண்டை அறுத்துப் பார்த்தார்கள். உறுப்புகளில் குறிப்பிட்டுச் சொல்லும்படி சேதம் எதுவுமில்லை. ஆனால் இரைப்பையில் இருந்தவற்றில் அனடாக்சின்-ஏ என்னும் நரம்பு விஷம் லிட்டருக்கு 8,700 மைக்ரோகிராம் அளவு வரை இருந்தது. வேறு எந்த நரம்பு விஷமும் அகப்படவில்லை. பின்னர் ஏரியிலிருந்து எடுத்த மாஸ் கொத்துகளின் நீரிலும் அதே விஷம் 1,870 மைக்ரோகிராம் வரை இருந்தது. ஆய்வின் முடிவுகள் 2018-இல் வெளியாயின. மாஸ் வெறும் வீடு. கொலையாளி அதில் குடியிருந்த வாடகைக்காரன்.

நெருப்பை விரட்டும் மாஸ்

அந்த வீட்டைப் பற்றியும் கொஞ்சம் சொல்லத்தான் வேண்டும். இதன் அறிவியல் பெயர் ஃபான்டினாலிஸ் ஆன்டிபைரெட்டிகா. 1753-இல் ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ் வைத்த பெயர் இது. ஃபான்டினாலிஸ் என்றால் ஊற்றுகளில் வளர்வது. ஆன்டிபைரெட்டிகா என்றால் நெருப்புக்கு எதிரி! காய்ச்சல் மருந்து என்று நினைத்துவிட வேண்டாம். அந்தக் காலத்தில் ஸ்வீடனில் புகைபோக்கிக்கும் மரச் சுவருக்கும் நடுவே உள்ள இடைவெளியில் இந்த மாஸை அடைத்து வைப்பார்களாம். தீ பரவாமல் தடுக்கும் என்ற நம்பிக்கை. அதனால்தான் இந்தப் பெயர்.

குளிர்ந்த நீரில் செழித்து வளரும். மீன் முட்டையிடவும் குஞ்சுகள் ஒளிந்துகொள்ளவும் வசதியாக இருக்கும். அதனால் 'வில்லோ மாஸ்' என்ற பெயரில் மீன்தொட்டிகளிலும் இடம்பிடித்தது. பல தலைமுறைகளாக மனிதனோடு பழகிய செடி. யாரையும் எதுவும் செய்ததில்லை. 2017-இலும் அது எதுவும் செய்யவில்லை என்பதுதான் விஷயம்.

1878: ஆஸ்திரேலியாவில் ஒரு ஏரி

நீலப்பச்சைப் பாசி மிருகங்களைக் கொல்லும் என்பதை அறிவியல் உலகுக்கு முதலில் தெளிவாக எழுதிச் சொன்னவர் ஜார்ஜ் பிரான்சிஸ். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரைச் சேர்ந்தவர். 1878 மே மாதம் 'நேச்சர்' இதழில் அவருடைய சிறு குறிப்பு ஒன்று வெளியானது. மர்ரே நதி கடலில் கலக்கும் முன் விரிந்து கிடக்கும் அலெக்சாண்ட்ரினா ஏரியைப் பற்றியது.

அந்த ஏரியில் நொடுலேரியா என்னும் நீலப்பச்சைப் பாசி பெருகி, பச்சை எண்ணெய்ப் பெயின்ட் கொட்டியது போலத் தண்ணீரின் மேல் திரண்டு, காற்றடித்த பக்கமெல்லாம் கரை ஒதுங்கியது. தண்ணீர் குடிக்க வந்த கால்நடைகள் அதையும் சேர்த்து விழுங்கின, செத்தன. எந்த மிருகம் எவ்வளவு நேரத்தில் சாகிறது என்று பிரான்சிஸ் ஒரு பட்டியலே கொடுத்திருந்தார். ஆடுகள் ஒன்றிலிருந்து எட்டு மணி நேரத்துக்குள். குதிரைகள் எட்டிலிருந்து இருபத்துநான்கு மணி நேரம். பன்றிகள் மூன்று அல்லது நான்கு மணி நேரம். நாய்கள் நான்கிலிருந்து ஐந்து மணி நேரம்.

ஆக, நீலப்பச்சைப் பாசி விஷம் பற்றி எழுதப்பட்ட அந்த ஆரம்பகாலக் குறிப்பிலேயே நாய் இருக்கிறது!

பிரான்சிஸ் வெறுமனே வேடிக்கை பார்த்து எழுதியவரும் அல்ல. புதிதாக எடுத்த பாசி 30 அவுன்ஸை ஒரு ஆட்டுக்குப் புகட்டிப் பார்த்தார். 15 மணி நேரத்தில் அது இறந்தது. அறுத்துப் பார்த்துக் குறிப்பும் எழுதினார். ஆனால் பாசியில் உள்ள விஷப்பொருள் எது என்று பிரித்தெடுக்கும் அளவுக்கு அன்றைய வேதியியல் வளரவில்லை. அதற்கு இன்னும் எண்பது வருடம் ஆனது.

கனடாவின் எலிகள்

1950-களில் கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் கவுன்சிலில் பால் கோர்ஹாம் என்பவரின் குழு இந்த வேலையில் இறங்கியது. ஏரியிலிருந்து பாசியை எடுத்து, பரிசோதனைக் கூடத்தில் தனியாக வளர்த்து, அதன் சாற்றை எலிகளுக்குச் செலுத்திப் பார்ப்பதுதான் முறை. எலி எவ்வளவு நேரத்தில் சாகிறது என்பதை வைத்தே விஷத்துக்குப் பெயர் வைத்தார்கள்.

மைக்ரோசிஸ்டிஸ் என்னும் வகையிலிருந்து கிடைத்த ஒன்றுக்கு 'வேகமாகக் கொல்லும் காரணி' என்று பெயர். 1959-இல் இந்தக் குழு அதைப் பிரித்தெடுத்து அறிவித்தது. இப்போது மைக்ரோசிஸ்டின் என்று அழைக்கப்படும் இது கல்லீரலைத் தாக்குவது. பிறகு அனபீனா என்னும் இன்னொரு வகையை ஆராய்ந்தபோது எலிகள் சில நிமிடங்களிலேயே செத்தன. முதல் விஷத்துக்கே 'வேகம்' என்று பெயர் கொடுத்தாயிற்று. இதற்கு என்ன பெயர் வைப்பது? 'மிக வேகமாகக் கொல்லும் காரணி' என்று வைத்தார்கள்! அதுதான் பின்னாளில் அனடாக்சின்-ஏ ஆனது. பெர்லின் நாய்களின் வயிற்றில் இருந்த அதே பொருள்.

இது எப்படிக் கொல்கிறது? நரம்பிலிருந்து தசைக்கு 'சுருங்கு' என்று கட்டளை போவது அசிடைல்கோலின் என்னும் பொருள் மூலமாக. வேலை முடிந்ததும் ஒரு நொதி அந்தப் பொருளைச் சிதைத்துவிடும், தசை தளரும். அனடாக்சின்-ஏ அசிடைல்கோலின் உட்காரும் அதே இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. ஆனால் அந்த நொதியால் இதைச் சிதைக்க முடியாது. சுவிட்சை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருப்பது போல. தசைகள் முதலில் துடிக்கும், பிறகு செயலற்றுப் போகும். மூச்சு விட உதவும் தசைகளும் நின்றுவிட்டால் அவ்வளவுதான். இதற்கு மாற்று மருந்து கிடையாது. மூச்சுக்கு உதவி கொடுத்து, வலிப்பை அடக்கி, விஷம் உடம்பை விட்டுப் போகும் வரை உயிரைப் பிடித்து வைப்பதுதான் மருத்துவர்களால் முடிந்தது.

அனடாக்சின்-ஏயின் வேகத்தைப் பார்த்தால், ஏரிக்கரையில் விழும் நாயை ஏன் பெரும்பாலும் காப்பாற்ற முடிவதில்லை என்பது புரியும்.

தெளிந்த தண்ணீரிலும்...

அலெக்சாண்ட்ரினா ஏரியில் ஆபத்து கண்ணுக்குத் தெரிந்தது. பச்சைப் பெயின்ட் போல மிதக்கும் தண்ணீரைப் பார்த்தால் யாரும் ஒதுங்கிப் போவார்கள். அதனால் நீண்ட காலம் 'பச்சையாக இருந்தால் ஆபத்து, தெளிவாக இருந்தால் சரி' என்பதே பொது அறிவாக இருந்தது.

அந்தப் பொது அறிவுக்கு முதல் அடிகளில் ஒன்று ஸ்காட்லாந்தில் விழுந்தது. 1990-களின் தொடக்கத்தில் அங்குள்ள இன்ஷ் ஏரியில் நாய்கள் இறந்தன. டண்டீ பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி காட் உள்ளிட்டோர் ஆராய்ந்து 1992-இல் எழுதினார்கள். விஷம் அனடாக்சின்-ஏ. அதைத் தயாரித்தது மேலே மிதக்கும் பாசி அல்ல, ஏரியின் அடித்தரையில் பாய் போலப் படரும் வகை. அந்தப் பாய்கள் பிய்ந்து கரை ஒதுங்கும்போது நாய்கள் அதைத் தின்கின்றன.

2005 நவம்பரில் நியூசிலாந்தின் ஹட் நதியில் குறைந்தது ஐந்து நாய்கள் இறந்தன. இதுவும் கற்களின் மேல் ஒட்டி வளரும் பாசிதான். நதி ஓடிக்கொண்டிருந்தது, அடியில் கிடக்கும் கற்கள் தெரிந்தன. 2019-இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகர ஏரியிலும் இதே கதை.

ஏன் எப்போதும் நாய்? ஆடு மாடு தண்ணீர் குடிக்கும், போகும். நாய் அப்படி இல்லை. எறிந்த குச்சியைத் தேடிக் கரையோரக் குப்பையில் வாய் வைக்கும். மண் வாசனையும் ஊசல் வாடையும் கலந்த பாசிப் பாய் அதற்குப் பிடித்தமானது. மென்று பார்க்கும். கரையேறிய பிறகு ரோமத்தில் ஒட்டியதை நக்கியே சுத்தம் செய்யும். மனிதக் குழந்தை தவிர வேறு யாரும் இவ்வளவு ஆர்வமாக எல்லாவற்றையும் வாயில் போட்டுப் பார்ப்பதில்லை.

இந்த இடத்தில் டேகல் ஏரியின் பழைய கதையைச் சொன்னால்தான் விஷயம் முழுமையாகும். அந்த ஏரி ஒரு காலத்தில் கழிவுநீரின் பாஸ்பரஸ் சத்து சேர்ந்து கெட்டுப்போய்க் கிடந்தது. 1985-இல் உள்ளே வரும் நீரிலிருந்து பாஸ்பரஸை அகற்றும் நிலையம் ஒன்றைத் திறந்தார்கள். ஆண்டுகள் போகப் போக ஏரி தெளிந்தது. சூரிய ஒளி ஆழத்துக்கு இறங்கியது. ஒளி இறங்கினால் அடித்தரையில் செடிகள் வளரும். மாஸ் வளர்ந்தது. மாஸின் மேல் டைக்கோனீமாவும் வளர்ந்தது. கெட்டுப்போன ஏரிகளின் பச்சைப் பாசி தேவையில்லாமல், சத்துக் குறைந்த தெளிந்த நீரிலேயே வாழத் தெரிந்த வகை அது.

ஏரியைச் சுத்தம் செய்தது தவறு என்று இதற்கு அர்த்தமில்லை. சுத்தமான ஏரிக்கும் அதற்கே உரிய ஆபத்து உண்டு, அதைக் கண்காணிக்கும் முறை வேறு என்பதுதான் பாடம். அதுவரை குளியல் துறைகளில் மிதக்கும் பாசியைத்தான் தேடினார்கள். மாஸுக்குள் தேட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

இலங்கையிலிருந்து போன செடி

'செடி வேறு, அதன் மேல் இருப்பது வேறு' என்ற இந்த உண்மையை இன்னும் கசப்பாகக் காட்டும் வரலாறு ஒன்று உண்டு. இதில் செத்தவை நாய்கள் அல்ல, கழுகுகள். ஆனால் செடி மீன்தொட்டிச் செடிதான். அதுவும் நம்மூர்க் குளங்களில் தானாகவே வளர்கிற, பள்ளி ஆய்வகத்தில் புனலையும் சோதனைக் குழாயையும் கவிழ்த்து ஒளிச்சேர்க்கை காட்டுவார்களே, அந்த ஹைட்ரில்லா!

1950-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் புளோரிடா மாநிலம், டாம்பா நகரில் இருந்த ஒரு வண்ணமீன் வியாபாரிக்கு இலங்கையிலிருந்து வந்த ஹைட்ரில்லா போய்ச் சேர்ந்தது. 'இந்திய நட்சத்திரக் கொடி' என்று அழகான வியாபாரப் பெயரும் வைத்திருந்தார்கள். சரக்கு தரமாக இல்லை என்று அவர் அதைக் கடைக்கு அருகில் இருந்த கால்வாயில் கொட்டிவிட்டார். கணக்கில் அது ஒரு சிறிய நஷ்டம், அவ்வளவே. ஆனால் செடி சாகவில்லை. கால்வாயில் தளதளவென்று வளர்ந்ததைப் பார்த்து, அதையே பிடுங்கி மறுபடி வியாபாரத்துக்கு விட்டார்கள். 1955 வாக்கில் மயாமி பக்கமும் போய்ச் சேர்ந்தது.

1960-இல் புளோரிடாவின் இயற்கை நீர்நிலைகளில் இது வளர்வது கண்டறியப்பட்டது. ஆரம்பத்தில் என்ன செடி என்றே சரியாக அடையாளம் தெரியாமல் 'புளோரிடா எலோடியா' என்று அழைத்தார்கள். துண்டு ஒடிந்தாலும் முளைக்கும், மண்ணுக்குள் கிழங்கு விட்டு வருடக்கணக்கில் உறங்கும், மிகக் குறைந்த வெளிச்சத்திலும் வளரும். 1990-களின் நடுவில் புளோரிடாவின் பொது ஏரிகளில் 43 விழுக்காட்டில், சுமார் 40,000 ஹெக்டேர் பரப்பில் ஹைட்ரில்லா பரவியிருந்தது. மற்ற தென் மாநிலங்களுக்கும் போயிருந்தது. கொட்டியவருக்கு ஒரு வாளிச் செடியின் விலைதான் நஷ்டம். மீதிச் செலவை அந்த வியாபாரத்தில் சம்பந்தமே இல்லாத மக்கள் வரிப்பணத்தில் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

பணச் செலவோடு முடிந்திருந்தால் பரவாயில்லை.

கழுகு கொல்லி

1994-95 குளிர்காலத்தில் ஆர்கன்சா மாநிலத்தின் டிகிரே ஏரிப் பகுதியில் 29 வெண்தலைக் கழுகுகள் செத்துக் கிடந்தன. வெண்தலைக் கழுகு அமெரிக்காவின் தேசியச் சின்னம். டி.டி.டி. பூச்சிமருந்தால் அழிவின் விளிம்புக்குப் போய், 1972-இல் அந்த மருந்து தடை செய்யப்பட்ட பிறகு மெல்ல மீண்டு வந்துகொண்டிருந்த இனம். அதனால் நாடே அதிர்ந்தது.

செத்த பறவைகளின் மூளையில், நரம்பு இழைகளைச் சுற்றியுள்ள உறையில், பஞ்சு போல ஓட்டைகள் இருந்தன. உயிரோடு இருந்த சில கழுகுகள் போதையேறியது போலப் பறந்து பாறையில் மோதின. அதே ஏரியில் நாமக்கோழிகளின் அமெரிக்க உறவான கூட் பறவைகளும் நீந்த முடியாமல் தள்ளாடின. கூட் நீர்ச்செடிகளைத் தின்னும். தள்ளாடும் கூட்டைப் பிடிப்பது கழுகுக்குச் சுலபம். ஆக, விஷம் செடியிலிருந்து கூட்டுக்கும் கூட்டிலிருந்து கழுகுக்கும் போகிறது. அந்த ஏரிகளிலெல்லாம் ஹைட்ரில்லா இருந்தது. குற்றவாளி கிடைத்துவிட்டான் என்றுதான் தோன்றும்!

ஆனால் ஹைட்ரில்லா உள்ள எல்லா ஏரிகளிலும் பறவைகள் சாகவில்லை. ஆசியாவில் ஆயிரமாயிரம் வருடங்களாகப் பறவைகள் அதைத் தின்றுகொண்டிருக்கின்றன. சூசன் வைல்ட் என்னும் அமெரிக்க நீரியல் ஆய்வாளர் நோய் உள்ள ஏரிகளின் ஹைட்ரில்லாவைத் திருப்பிப் பார்த்தார். இலையின் அடிப்பக்கத்தில் கரும்புள்ளிகள். அதுவரை யாரும் பெயர் வைக்காத ஒரு சயனோபாக்டீரியா. 2005-இல் அதைப் பற்றி எழுதினார். 2014-இல் முறையாகப் பெயர் வைக்கப்பட்டது: ஏடோக்தோனோஸ் ஹைட்ரில்லிகோலா. 'ஹைட்ரில்லாவில் வாழும் கழுகு கொல்லி' என்று பொருள்.

அடுத்த சிக்கல் வந்தது. ஜெர்மனியின் ஹாலே நகரில் டிமோ நீடர்மையரின் குழு இந்த பாக்டீரியாவைக் கூடத்தில் வளர்த்தது. அப்படி வளர்த்ததைப் பறவைகளுக்குக் கொடுத்தால் நோய் வரவில்லை! சரியான ஆளைத்தான் பிடித்தோமா என்றே சந்தேகம் வந்துவிட்டது. பிறகு நோய் உள்ள ஏரியின் இலைகளையே நேரடியாக ஆராய்ந்தபோது, பாக்டீரியா இருக்கும் இடத்தில் மட்டும் ஒரு புதிய பொருள் தென்பட்டது. அதன் ஒரு மூலக்கூறில் ஐந்து புரோமின் அணுக்கள். கூடத்தில் கொடுத்த உணவில் புரோமைடு இல்லாததால்தான் விஷம் உருவாகவில்லை. புரோமைடு சேர்த்ததும் உருவானது. கோழிகளுக்குக் கொடுத்தார்கள், நோய் வந்தது. 2021 மார்ச் மாதம் 'சயின்ஸ்' இதழில் இது வெளியானது. 1994-இல் தொடங்கிய கேள்விக்கு 27 வருடம் கழித்து விடை. அதற்குள் 130-க்கும் மேற்பட்ட கழுகுகள் இந்த நோயால் இறந்தது உறுதியாகியிருந்தது.

புரோமைடு எங்கிருந்து வருகிறது? இயற்கையாகவும் உண்டு, நிலக்கரி மின்நிலையங்கள் போன்றவற்றின் கழிவிலிருந்தும் வரும். ஹைட்ரில்லா அதைத் தண்ணீரிலிருந்து இழுத்துத் தன்னுள் சேர்த்துக்கொள்ளும். இன்னொரு வழியும் இருக்கலாம் என்று அந்த ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினார்கள். ஹைட்ரில்லாவை அழிப்பதற்காக ஏரியில் தெளிக்கும் டைகுவாட் என்னும் களைக்கொல்லி. அதன் உப்பில் புரோமைடு இருக்கிறது! செடியே குற்றவாளி என்று நினைத்து அடித்த மருந்து, உண்மையான குற்றவாளிக்கு மூலப்பொருளாகப் போய்ச் சேரும் வாய்ப்பு.

அப்படியானால் நாய்க்கு விஷமா, இல்லையா?

'இந்தச் செடி விஷமா' என்று பெயரை மட்டும் சொல்லிக் கேட்டால் அரைப் பதில்தான் கிடைக்கும் என்பதை மேற்கண்ட வரலாறு காட்டுகிறது. வில்லோ மாஸ் 1753-இலும் அதே செடி, 2017-இலும் அதே செடி. ஹைட்ரில்லா நம் குளத்திலும் அதே செடி, ஆர்கன்சாவிலும் அதே செடி. மாறியது அது இருந்த தண்ணீரும், அதன் மேல் குடியேறிய உயிரும்தான். எனவே செடியின் பெயரோடு இரண்டு கேள்விகளைச் சேர்த்துக் கேட்க வேண்டும். எந்தத் தண்ணீரில் இருந்தது? அதன் மேல் என்ன ஒட்டியிருந்தது?

வீட்டுத் தொட்டியிலும் சில சமயம் இலைகளின் மேல் வழவழப்பான கரும்பச்சைப் படலம் படர்ந்து மண் வாடை அடிக்கும். அதுவும் நீலப்பச்சைப் பாசி இனம்தான். எல்லா வகையும் விஷமல்ல. ஆனால் எது விஷம் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. அத்தகைய செடியை நாய்க்கு எட்டாமல் வைப்பதும், ஏரி குளத்திலிருந்து பிடுங்கி வந்த செடியை நாய் இருக்கும் இடத்தில் போடாமல் இருப்பதும் நல்லது. குளத்தில் இறங்கிய நாயை அது ரோமத்தை நக்கத் தொடங்கும் முன் நல்ல தண்ணீரில் குளிப்பாட்டிவிட வேண்டும். வேண்டாத தொட்டிச் செடியை வாய்க்காலில் கொட்டக் கூடாது என்பதற்கு டாம்பா கதையை விட வேறு சாட்சி தேவையில்லை. காயவைத்துக் குப்பையில் போடலாம்.

எல்லாவற்றையும் மீறி நாய் எதையாவது தின்றுவிட்டு நடுங்கினாலோ, தள்ளாடினாலோ, அதிகமாக எச்சில் விட்டாலோ இணையத்தில் செடியின் பெயரைத் தேடிக்கொண்டிருக்க நேரமில்லை. உடனே கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். போகும்போது மிச்சமிருக்கும் செடியையும், அது கிடந்த தண்ணீரில் கொஞ்சத்தையும் ஒரு பாட்டிலில் எடுத்துக்கொண்டு போக வேண்டும். கழுவாமல், அப்படியே. பெர்லினில் உண்மையைச் சொன்னது நாயின் வயிற்றில் இருந்ததும், கரையில் மிதந்த அந்த மாஸ் கொத்தும்தான்.